குடிநீர்ப் போத்தலையும் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள்

சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு 56 வயது. இடது மார்பில் கட்டி எடுத்து, இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. பெரியப்பா ஒரு நாட்டு வைத்தியப் பரியாரியாரிடம் மூலிகைக் குடிநீரும் சூரணமும் வாங்கித் தருகிறார். கனடாவிலிருக்கும் மாமா மஞ்சள் கப்ஸ்யூல் அனுப்பியிருக்கிறார். டொக்டருக்குச் சொன்னால் ஏசுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?”

சொல்லத்தான் வேண்டும் தங்கச்சி. ஏசினாலும் சொல்ல வேண்டும். ஏசாமல் கேட்பது எங்கள் தொழிலின் முதல் பாடம், ஆனால் எங்களில் பலர் அதைப் பிந்தித்தான் படித்தோம். நான் புற்றுநோய் வாட்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக நின்றவள். நான் படித்த விதத்தை முதலில் சொல்கிறேன்.

நான் வேலை செய்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், குடல் புற்றுநோய்க்கு வந்த ஓர் ஐயா. அவருடைய மனைவி முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல், “குடிநீரும் குடிக்கிறார் ஐயா” என்று ஒரு சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். மேசைக்குப் பின்னால் இருந்த டொக்டர், அன்றைக்கு எத்தனையாவது நோயாளியோ, கிளினிக் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். அந்த அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் போத்தலை எடுத்துப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தரம் முடிச்சுப் போட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டாலும் “வேற ஒண்டும் குடுக்கிறதில்லை” என்பதுதான் பதில். மூன்றாவது கீமோவுக்கு முன் இரத்தம் பார்த்தால், ஈரல் பழுதாவதைக் காட்டுகிற ஈரல் நொதிகள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. கீமோவைத் தள்ளிப்போட்டு, மஞ்சள்காமாலைக் கிருமியா, வேறு மருந்தா, நோய் ஈரலுக்குப் பரவிவிட்டதா என்று தேடாத இடமில்லை. கடைசியில் எங்கள் மூத்த தாதி மிஸ்ஸி ஒரு பின்னேரம் அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கதைத்து, “வீட்டில சீந்தில் நிக்குதோ?” என்று கேட்டார். அப்போதுதான் வந்தது விஷயம். நாளுக்கு இரண்டு தரம் சீந்தில் குடிநீர். நிறுத்தினோம். சில கிழமைகளில் நொதிகள் இறங்கின. சீந்தில்தான் செய்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சீந்தில் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததைக் கொரோனா காலத்தில் இந்திய வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். அந்த ஐயாவுக்குப் போன கிழமைகள் போனவைதான்.

அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் எங்கள் வேலையில் பாதி என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

பழக்கப்பட்ட ஒரு தாதியோ மருந்தாளரோ வைத்தியரோ இதை எப்படிச் செய்வார் தெரியுமா? “நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?” என்று கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். “கீமோ எடுக்கிற ஆக்கள் கனபேர் குடிநீர், சூரணம், வெளிநாட்டு விட்டமின் எல்லாம் எடுக்கிறவை. நீங்கள் என்ன எடுக்கிறீங்கள்?” என்பார். எடுப்பது வழக்கம்தான் என்று அவரே சொல்லிவிட்டால், சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்ததாக, “இது எதுக்காக எடுக்கிறீங்கள்?” என்று கேட்பார். எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. திரிபலாச் சூரணம் எடுக்கும் ஒருவரைக் கேட்டால், மூன்று நாளாக மலம் போகவில்லை என்பார். கீமோவோடு வாந்திக்குக் கொடுக்கிற ஒன்டான்செட்ரோன் மலத்தைக் கட்டும். அதை நாங்கள் முன்கூட்டியே சொல்லி ஒரு பாணி மருந்து கொடுத்திருந்தால் அவர் சூரணக்கடைக்குப் போயிருக்க மாட்டார். நித்திரை வராததற்கு அமுக்கிராய், களைப்புக்கு விட்டமின், பயத்துக்கு ஒரு மந்திரித்த நூல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முறைப்பாடு இருக்கும். அதைப் பார்க்காமல் பொருளை மட்டும் பறித்தால் நாளைக்கு வேறொன்று வரும்.

பிறகு பையைக் கொட்டச் சொல்வோம். குறிப்பாக என்னென்ன பார்ப்போம் என்று உங்கள் அம்மாவின் பையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கனடா மாமாவின் கப்ஸ்யூல். கறிக்குப் போடுகிற மஞ்சளைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை, அதை நிறுத்தவும் வேண்டாம். கப்ஸ்யூல் வேறு சாமான். மஞ்சளிலுள்ள குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு என்பதால், பல கொம்பனிக்காரர் அதோடு மிளகிலுள்ள பைப்பெரின் என்ற சாரத்தைச் சேர்க்கிறார்கள். அந்தப் பைப்பெரின், மருந்துகளை உடைக்கிற ஈரல் நொதிகளிலும் கைவைக்கிறது. கீமோ முடிந்து, மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கிற தமொக்சிஃபென் குளிசையை அம்மாவுக்குத் தொடங்கினால் இது முக்கியமாகும். அந்தக் குளிசை உடலுக்குள் என்டொக்சிஃபென் என்று மாறித்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. 2019இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், குர்க்குமினைப் பைப்பெரினோடு எடுத்தவர்களுக்கு அந்த என்டொக்சிஃபென் குறைந்திருந்தது. போத்தலின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே பைப்பெரின் என்றோ கறுப்பு மிளகுச் சாரம் என்றோ பெரும்பாலும் இருக்கும். மாமாவுக்கு நன்றி சொல்லி, போத்தலை அலுமாரியில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவற்றில் இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் ஊருக்குள் எப்படியோ வந்து சேர்கின்றன. ஒன்று மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் விற்கிற செயின்ட் ஜோன்ஸ் வோர்ட். இது ஈரல் நொதிகளை உசுப்பிவிட்டு மருந்தை வேகமாக வெளியேற்றும். இரினோடெகன் என்ற கீமோ மருந்தின் வீரியமுள்ள வடிவம் இதனால் 42 வீதம் குறைந்ததை 2002இலேயே கண்டிருக்கிறார்கள். பாதி மருந்து போன மாதிரித்தான். மற்றது ‘பி17’ என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற அப்ரிகொட் விதை. அது விட்டமினே இல்லை. உடலுக்குள் போய் சயனைட்டை விடுகிற சாமான். அதிலுள்ள அமிக்டலின் என்ற சாரத்தை அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை 1982இல் வெளியிட்டார்கள். நோய் குறையவில்லை, சிலருக்குச் சயனைட் நஞ்சின் அறிகுறிதான் வந்தது. முள் அன்னமுன்னா இலைத் தேத்தண்ணீரும் இதே வரிசைதான். பழத்தை எப்போதாவது சாப்பிடுவது வேறு, இலையை மாதக்கணக்கில் அவித்துக் குடிப்பது வேறு. அதிலுள்ள அனொனாசின் நரம்புக்கு நஞ்சு.

இனி பெரியப்பாவின் குடிநீர். இதில்தான் எங்களுக்கு உண்மையில் சிக்கல், ஏனென்றால் போத்தலில் பெயர் இல்லை. என்ன சரக்கு, எத்தனை பங்கு, எந்த வேர், ஒன்றும் தெரியாது. குடிநீரை மோந்து பார்த்து நானும் கனதரம் வேர்க்கொம்பு, மல்லி, திப்பிலி வரை கண்டுபிடித்திருக்கிறேன். அதற்கு மேல் மூக்கு உதவாது. பரியாரியாரிடம் சரக்குகளின் பெயரை எழுதி வாங்கச் சொல்லுங்கள். குடும்ப இரகசியம் என்று தர மறுத்தால், அந்த மருந்தை கீமோ முடியும் வரை வாயில் வைக்கவே வேண்டாம். இது என்னுடைய கண்டிப்பான பேச்சு.

பட்டியல் கிடைத்தால் மூன்றைத் தேடுவோம். ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி: இந்தக் குடும்பத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டொலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு தானே புற்றுநோயையும் உண்டாக்கும். சேராங்கொட்டை: சரியாகச் சுத்தி செய்யாவிட்டால் தோலும் வாயும் வெந்துபோகும். கீமோவில் ஏற்கெனவே புண்ணான வாய் அது. மூன்றாவது, பற்பம், செந்தூரம் என்று பெயர் உள்ளவை. இவற்றில் பாதரசமோ ஈயமோ சேரலாம். 2008இல் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், பாஷாணம் (ஆர்சனிக்) ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

நான் பரியாரிமாருக்கு எதிரி இல்லை. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்து வருகிற சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர், “நீங்கள் முதலில் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ” என்று கட்டியைக் கண்டவுடனேயே அனுப்புகிறவர்கள். ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்த ஒருவரென்றால், எங்கள் டொக்டரும் அவரும் தொலைபேசியில் ஐந்து நிமிடம் கதைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். இந்தத் தொடர்பு இன்னும் ஆள் பார்த்துத்தான் நடக்கிறது. ஒழுங்கு முறையாக இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்று பெரியப்பா சொல்வாராக இருந்தால் முற்றத்துப் பட்டிப்பூவைக் காட்டுங்கள். நித்தியகல்யாணி என்றும் சொல்வோமே, அதுதான். அதிலிருந்து எடுத்ததுதான் வின்கிறிஸ்டீன், வின்பிளாஸ்டீன் என்ற கீமோ மருந்துகள். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு இன்றும் வின்கிறிஸ்டீனைத்தான் போடுகிறோம். ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஆளுக்கு ஒரு தரம் போடுவது பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது, தாண்டினால் நரம்பு போய்விடும். அம்மாவுக்கு அடுத்துப் போடக்கூடிய பக்லிடக்செல்லும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். மூலிகை வேலை செய்யும் என்பதில் எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் சண்டையே இல்லை. வேலை செய்கிற சாமானுக்கு அளவு வேண்டும் என்பதுதான் எங்கள் பேச்சு.

இதையெல்லாம் நாங்கள் மனப்பாடத்தில் சொல்வதில்லை. மருந்தாளரிடம் கேட்போம். நியூயோர்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையம் மூலிகைகளுக்கென்றே ஓர் இணையத் தளம் வைத்திருக்கிறது. மஞ்சள், அமுக்கிராய், வேம்பு என்று எங்கள் சரக்குகள் பலவும் அதில் உண்டு. பார்த்துவிட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவோம்: என்ன, எவ்வளவு, எப்போதிலிருந்து. எழுதிவைத்தால்தான் நாளைக்கு ஈரல் நொதி ஏறும்போது வேறு டொக்டர் பார்த்தாலும் விளங்கும். சத்திரசிகிச்சை வருகிறது என்றால் இரண்டு கிழமைக்கு முன்னரே எல்லா மூலிகை மருந்தையும் நிறுத்தச் சொல்வோம். உள்ளிக் குளிசை, மீனெண்ணெய் போன்றவை இரத்தம் உறைவதைப் பிந்தவைக்கலாம்.

இவற்றையெல்லாம்விட என் நெஞ்சை இடிக்கிறது கொத்தமல்லிக் குடிநீர்தான். சிரிக்காதீர்கள். அதில் நஞ்சு ஒன்றும் இல்லை. கீமோ போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளைக் கலங்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நாட்களில் இரவு பத்து மணிக்கு அம்மாவுக்கு உடம்பு காய்கிறது. எங்கள் வீடுகளில் என்ன செய்வோம்? மல்லியும் வேர்க்கொம்பும் இடித்துப் போட்டு ஒரு குடிநீர், ஒரு பனடோல், போர்வை, விடியட்டும் பார்ப்போம். அப்படி விடிய வந்தவர்களில் சிலரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ் காட்டினால் அந்த இரவிலேயே ஆஸ்பத்திரி. ஓட்டோவில் ஏறிய பிறகு குடிநீரைக் குடிக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. இதே நாட்களில் பச்சையாக அரைத்த இலைச்சாறு எதுவும் வேண்டாம். டெங்கு காலத்திலிருந்து பப்பாசி இலைச்சாறு குடித்தால் இரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் ஏறும் என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கழுவாத இலை, கிணற்றுத் தண்ணீர், அரைத்த மிக்ஸி என்று கிருமி போக மூன்று வழி அதில் இருக்கிறது. இலைக்கஞ்சி கொதிக்க வைத்து இறக்கினது என்றால் தாராளமாகக் கொடுங்கள்.

அடுத்தது பத்தியம். பரியாரியார் மருந்தோடு பத்தியம் சொல்லியிருப்பார், அல்லது அயலில் யாராவது சொல்லியிருப்பார்கள்: மீன் கிரந்தி (சொறி, புண்ணைக் கிளப்பும்), முட்டை கிரந்தி, தக்காளி கிரந்தி, கத்தரிக்காய் சொல்லவே வேண்டாம். கடைசியில் சோறும் இரசமும்தான் மிஞ்சும். கீமோ எடுக்கிற ஒருவருக்கு நாளுக்குக் கிலோ நிறைக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரைக் கிராம் வரை புரதம் வேண்டும். அம்மா 50 கிலோ என்றால் 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, கணக்குப் பாருங்கள். நிறை குறைந்தால் மருந்தின் அளவையும் குறைக்க வேண்டி வரும், புண்ணும் ஆறாது. பத்தியத்தை நேரே எதிர்த்தால் நான் தோற்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் பெரியம்மா, மாமி என்று யார் சமைக்கிறாரோ அவரோடு கதைப்பேன். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்து மீன்கறியும் பால்சுறா வறையும் கொடுத்து எழுப்பிய ஊர் இது. பத்தியம் என்றால் பட்டினி என்று எங்கள் கிழவிகள் ஒருநாளும் சொல்லவில்லை. “அந்தச் சரக்குக் கறியையே வைத்துக் கொடுங்கோ” என்றால் அவர்களுக்கும் மரியாதை, அம்மாவுக்கும் புரதம். விரதமும் அப்படித்தான். கந்தசஷ்டி ஆறு நாளும் கீமோ நாட்களுக்குள் விழுந்தால், பாலும் பழமும் எடுத்துப் பிடிக்கச் சொல்வேன், அல்லது மகள் பிடிக்கட்டும் என்பேன். முருகன் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை.

இதுவரை வேண்டாம் வேண்டாம் என்றே எழுதிவிட்டேன். ஓம் என்று சொல்வதும் நிறைய இருக்கிறது. வேர்க்கொம்பு: கீமோ ஓங்காளத்துக்கு நாளுக்கு அரைக் கிராமிலிருந்து ஒரு கிராம் இஞ்சி, வழமையான வாந்தி மருந்தோடு சேர்த்து எடுத்தவர்களுக்குக் குறைந்ததை 2012இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. பிளேட்லெட் குறைந்திருந்தால் மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள். மணிக்கட்டின் உட்பக்கம், மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில் அழுத்துகிற முறை சிலருக்கு ஓங்காளத்தை ஆற்றும், காசும் இல்லை. யோகா, மூச்சுப் பயிற்சி, தியானம், பாட்டுக் கேட்பது: மார்பகப் புற்றுநோய் நோயாளிகளின் பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் இவற்றை அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கமே 2018இல் ஏற்றுக்கொண்டது. தேவாரம் கேட்டுக்கொண்டு கீமோ ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துளி துளியாகச் சிவப்பு மருந்து இறங்க, அந்த முகத்தில் சுருக்கமே இருக்காது. நல்லெண்ணெய் தடவிக் கால் பிடித்துவிடலாம். கட்டி இருந்த இடத்தில் வேண்டாம், திடீரென்று வீங்கிய காலில் வேண்டவே வேண்டாம், அதற்குள் இரத்தக் கட்டி இருக்கலாம்.

திருநீறும் நூலும் எங்களுக்கு ஒரு தடையும் இல்லை. ஒரே ஒரு சின்னக் கதை. கௌரிக் காப்பு பெண்களுக்கு இடது கையில் கட்டுவது வழக்கம். அம்மாவுக்கோ இடப்பக்கம்தான் சத்திரசிகிச்சை. கமக்கட்டிலிருந்து நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கக்கூடிய கை. ஐயரிடம் காரணத்தைச் சொல்லி வலது கையில் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு விரல் நுழையத் தளர்வாக. இதுவரை எந்த ஐயரும் மறுத்ததை நான் காணவில்லை.

துணை மருத்துவத்துக்கும் மாற்று மருத்துவத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்துங்கள். கீமோவோடு சேர்த்து எடுப்பது ஒன்று, கீமோவை விட்டுவிட்டு எடுப்பது இன்னொன்று. 2018இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பரவாத நிலையில் நோய் கண்டும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை, வழமையான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இங்கே சிகிச்சை இலவசம் என்பதையும் நினையுங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழும்பியதுதான் தெல்லிப்பழையில் இப்போது நிற்கிற புற்றுநோய் வைத்தியசாலை. இலவச மருந்தை விட்டுவிட்டு, நகையை அடைவு வைத்து ‘முழுசா மாத்தித் தாறம்’ என்கிறவனிடம் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். காசை முன்கூட்டிக் கேட்கிறவனும், ஸ்கான் எடுக்க வேண்டாம் என்கிறவனும் வைத்தியன் இல்லை.

நோய் முற்றி, இனிச் சுகப்படுத்த முடியாது என்ற நிலையில் எங்கள் பேச்சே மாறும். அப்போது ஒரு கரண்டி இலேகியம் அந்த மனிதருக்கு ஆறுதல் என்றால், வலி மருந்தோடு முட்டாதவரை நாங்கள் மறிப்பதில்லை. உங்கள் அம்மா அந்த இடத்தில் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது சுகப்படுத்துகிற சிகிச்சை, அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

சரி, அடுத்த கிளினிக்குக்கு இப்படிச் செய்யுங்கள். பையில் எல்லாவற்றையும் போடுங்கள்: போத்தல், சூரணப் பொட்டலம், மாமாவின் கப்ஸ்யூல், பரியாரியார் எழுதித் தந்த துண்டு. டொக்டருக்கு முன்னால் நூறு பேர் நின்றால், இரத்தம் எடுக்கிற இடத்தில் இருக்கிற மிஸ்ஸியிடமோ மருந்து கொடுக்கிற யன்னலிலோ முதலில் காட்டுங்கள், அவர்கள் கொப்பியில் எழுதி உள்ளே அனுப்புவார்கள். முடிந்தால் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு கதிரை போட்டு, “ஐயா, நீங்கள் என்ன குடுக்கிறீங்கள்?” என்று யாராவது மரியாதையாகக் கேட்டால், உங்களுக்குச் சொல்லாததையும் சொல்லுவார்.